விழுந்த மறுநாள்: மட்டக்களப்பு வாவிக்கரையில் மதுவிலிருந்து மீள்வோர்

குடியை விட்டுவிடும் சங்கல்பத்துக்கு மட்டக்களப்பு நாட்டில் ஒருகாலும் பஞ்சம் இருந்ததில்லை. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்கதவு திறந்த நாள் தொடங்கித் திருக்குளிர்த்தி நிறைவெய்தும் வரையிலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கென்று காப்புக் கட்டியது முதல் தணலில் இறங்கி ஏறும் வரையிலும், ஆடி உற்சவத்துக்கு ஒகந்தை, குமண வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து கதிர்காமம் சேரும் வரையிலும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை இட்டுக்கொண்டால் மண்டலம் நிறையும் வரையிலும், ஆண்டின் மற்றைய நாட்களிலெல்லாம் அந்திப்பட்டதும் தவறணையை நாடிக் கால்கள் தாமாகவே நடக்கும் சுபாவமுடைய மனிதன், மச்சமும் மதுவும் தீண்டாது, நீராடி நீறணிந்து, கண்ணில் தெளிவோடும் பேச்சில் அடக்கத்தோடும் உலாவுவதை இப்பகுதியில் வளர்ந்தவர் எவரும் கண்டிருப்பர். பிறகு காப்பு அவிழ்கிறது, மாலை கழல்கிறது, அன்று மாலையோ மறுநாளோ முதற் கிளாஸ் கைக்கு வருகிறது.

ஆகவே இப்பிரதேசத்துக் குடிகாரனுக்கு மனவுறுதி இல்லை என்னும் வழக்கமான குற்றச்சாட்டு ஆராய்ச்சிக்கு நிற்காது. பதினெட்டு நாளோ ஒரு மண்டலமோ நாவை அடக்கியிருந்தவனிடம் அடக்கும் ஆற்றல் உண்டென்பது பிரத்தியட்சம். பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என நிலையாத வைராக்கியங்களை மூன்றாக வகுத்த நம் முன்னோர், குடித்த மறுநாட் காலையில் பிறக்கும் வைராக்கியத்தை நான்காவதாகச் சேர்க்காமல் விட்டது ஆச்சரியமே. அதற்குப் பதிலாக ‘குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு’ என்று ஒரு தீர்ப்பையே எழுதி வைத்துவிட்டனர். கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவரும் அதன் பத்துக் குறள்களிலும் குடித்துக்கொண்டிருப்பவனைப் பற்றியே பேசுகின்றார். விட்டவன் மறுபடியும் தொட்டுவிட்டால் யாது செய்வது என்ற வினா அங்கே எழவில்லை. நமது நீதி நூல்களும் நமது பிரசங்கிகளும் எழுப்பாத அந்த வினா, வாவிக்கரையிலுள்ள ஆயிரக்கணக்கான வீடுகளில் ‘மறுகாத் தொடங்கிட்டார்’ என்னும் இரண்டே சொற்களில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாயால், அடுத்த வீட்டுக்குக் கேளாத குரலில் எழுப்பப்பட்டு வருகிறது.

வாவியின் இருப்பை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இந்நீர்ப்பரப்பு, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரையில் கடலுக்கு இணையாகக் கிடந்து, நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே நெருங்கி அமைந்த மணல் ஊர்கள். வைத்தியசாலையும் கச்சேரியும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரைக்கே உரியன. மேற்கே வயல் வட்டைகள், குளங்கள், மாட்டுப்பட்டிகள், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு முதலிய ஊர்கள். இரு கரையிலும் கள் உண்டு. அரசாங்க அனுமதி பெற்ற சாராயக் கடைகளும் உண்டு. எனினும் கூலிக்காரனின் பானம் கசிப்பே. சீனியையும் ஈஸ்டையும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் புளிக்க வைத்த ‘கோடா’வை, வாவியோரத்துக் கண்டற் புதர்களிலும் ஆற்றங்கரைப் பற்றைகளிலும் மறைத்து, அடுப்பேற்றி வடித்தெடுப்பார்கள். பொலிஸார் பீப்பாய்களை உருட்டி உடைத்த செய்தி அடிக்கடி பத்திரிகையில் வரும். அடுத்த கிழமையே வேறொரு பற்றையில் புகை எழும். போத்தற் சாராயத்தின் மீது வரி ஏறுந்தோறும் கசிப்புக்கு வாடிக்கையாளர் பெருகுகின்றனர் என்பது திறைசேரி அறியாத இரகசியம் அன்று. குடிப்பவர் தொகையைக் குறைக்க வேண்டுமென்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை அமைத்த அதே அரசு, கல்குடாப் பகுதியில் எழுந்த மதுசார ஆலைக்கெதிராக 2017இல் மட்டக்களப்பு மக்கள் கொதித்தெழுந்தபோது எப்பக்கம் நின்றது என்பதை நினைவுள்ளோர் அறிவர்.

இனி, ஒரு காலைப்பொழுதை அருகிருந்து நோக்குவோம். இரவெல்லாம் தோணியில் நின்று வீச்சுவலை வீசியவன் கரையேறுகிறான். இறாலைத் தராசில் இட்டு நிறுத்தபின் வாடிக்காரர் நனைந்த விரலால் எண்ணிக் கொடுக்கும் நோட்டுகளை அவன் சாரத்து மடியில் செருகும்போது மணி ஏழோ எட்டோ ஆகியிருக்கும். உடல் விறைத்திருக்கிறது, வயிறு காலி, இரவு முழுதும் உறக்கமில்லை. வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையிலேயே கசிப்பு விற்கும் வீடும் இருக்கிறது. அங்கே கடன் கிடைக்கும். பழைய கடனும் நிற்கிறது. காசோடு வருபவன் கண்ணிற் படாமல் அந்த வேலியைக் கடப்பது எளிதன்று. கடன்கொடுத்தவளும் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிழைப்பவளே ஆதலின், அவள் கூப்பிடத்தான் செய்வாள். குடியை விட்டு இரண்டு மாதமான ஒருவன் தினந்தோறும் சூரியோதயத்துக்குப் பின் கடந்தாக வேண்டிய தூரம் இது. அதை இருநூறு யார் என்று அளந்து சொல்லலாம். அவனுக்கோ அது கதிர்காம யாத்திரையிலும் நெடியது.

இவ்விடத்தில் ஒரு பொதுவான எண்ணத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் குடி ஏன் பெருகியது என்று கேட்டால், போரையும் கடலையும் சுட்டிக் காட்டுவது நம் எழுத்தாளர்க்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலையிலும், 1990இல் சத்துருக்கொண்டானிலும் நடந்த கொலைகளும், 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போன ஆழிப்பேரலையும் இம்மக்களின் உள்ளத்தில் இட்ட புண்களைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை; ஒரு சமுதாயம் முழுவதுமே காயப்படுவதைக் கூட்டு மனவடு என்று தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர் விரித்துரைத்ததும் இத்தகைய அனுபவங்களிலிருந்தே. ஆனால் ஒருவன் குடிக்கத் தொடங்கிய காரணமும், விட்டபின் மீண்டும் குடித்த காரணமும் ஒன்றாய் இருக்க வேண்டியதில்லை. மனைவியையும் மக்களையும் அலை கொண்டுபோனதால் குடிக்கத் தொடங்கியவன், பத்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று மாதம் விட்டிருந்து மறுபடி குடித்ததற்குக் காரணம் அலை அன்று. மைத்துனன் வீட்டுக் கலியாணமோ, வாடிக்காரரோடு நேர்ந்த வாய்த்தகராறோ, மழை நாளில் தொழில் இல்லாமல் திண்ணையில் குந்தியிருந்த அலுப்போ ஆகும். பெருந்துயரை நோக்கி ஆலோசனை சொல்லப் பலர் இருக்கின்றனர். திண்ணை அலுப்பை நோக்க எவருமில்லை.

மேனாட்டு ஆய்வாளர் இதனைக் கணக்கிட்டே காட்டினர். அமெரிக்காவில் ஹன்ட் என்பவரும் அவர் தோழர்களும் 1971இல் ஹெரோயின், புகையிலை, மது ஆகிய மூன்றையும் விட்டவர்களுள் மீண்டும் விழுந்தோரின் விகிதத்தை மாதக்கணக்கில் கோடாக வரைந்தபோது, மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. விழுந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே விழுந்திருந்தனர். பொருள் வேறாயினும் வீழ்ச்சியின் நடை ஒன்றே என்பது பெறப்பட்டது. பின்னர் அலன் மார்லட் என்னும் உளவியலாளர், ஜூடித் கோர்டனோடு சேர்ந்து 1985இல் வெளியிட்ட நூலில், மறுபடி விழுந்தோரின் அனுபவங்களைப் பகுத்துப் பார்த்து, ஏறக்குறைய முக்காற்பங்கு வீழ்ச்சிகள் மனச்சோர்வு அல்லது சினம், பிறரோடு பிணக்கு, கூட்டாளிகளின் வற்புறுத்தல் என்னும் மூன்றே சந்தர்ப்பங்களில் நிகழ்ந்தவை என்று கண்டார். அவர் கண்ட இன்னொன்று நம் விஷயத்துக்கு மேலும் அவசியமானது. முதல் மிடறு அல்ல, அதற்கு அடுத்த மணி நேரமே மனிதனை அழிக்கிறது. ஒரு மிடறு குடித்தவன் குற்றவுணர்ச்சியால் தாக்குண்டு, ‘எல்லாம் போயிற்று, இனி நான் பழைய குடிகாரனே’ என்று முடிவுகட்டி, அம்முடிவின் வேதனையை மறக்கவே போத்தல் முழுவதையும் காலி செய்கிறான். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்னும் நம் பழமொழி இந்த மனநிலையைச் சொல்லிவிட்டது. மார்லட் சேர்த்தது, சாணுக்கும் முழத்துக்கும் இடையேதான் உயிர் இருக்கிறது என்பதை.

இந்த அறிவைக் கொண்டு நமது விரதங்களையும் சத்தியங்களையும் நோக்கினால், அவற்றின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருப்பது புலனாகும். அம்மன் முன்னிலையில் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம், பலரை முதல் நாற்பது நாள் காப்பாற்றுகிறது. எந்த வைத்தியமும் அவ்வளவு மலிவாக அவ்வளவு பலன் தருவதில்லை. ஆனால் அச்சத்தியம் முறிந்த கணத்தில், அவன் செய்தது வெறும் தவறாக இல்லாமல் தெய்வக் குற்றமாகிவிடுகிறது. கண்ணகையின் சினம் மதுரையைச் சுட்டதென்று ஆண்டுதோறும் வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஒரு கால் போத்தல் கசிப்புக்குப் பின் எஞ்சுவது அச்சமே. அச்சத்துக்கு மருந்து இன்னொரு கால் போத்தல். விரதத்தின் வாயிலைத் திறக்க எத்தனையோ சடங்குகளை வகுத்த சமுதாயம், முறித்தவன் திரும்பி வருவதற்கு ஒரு வாயிலும் வைக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அது முழு உண்மையும் அன்று. எரிந்து நிற்கும் அம்மனை நீரும் வேப்பிலையும் கொண்டு குளிர்வித்து, பிழை பொறுக்க வேண்டுமென்று ஊரே கூடி இரப்பதுதானே திருக்குளிர்த்தி? அச்சடங்கின் உட்பொருளை அறிந்த கட்டாடியார் ஒருவர், சத்தியம் முறித்தவனைக் கோயிற் படியில் நிறுத்தி ஏசாமல், அன்றைக்கே மறுபடி நூல் கட்டி அனுப்புவாராயின், மார்லட்டின் நூலைப் படியாமலே அதன் சாரத்தை அனுஷ்டித்தவர் ஆவார். அத்தகைய பூசகர் சிலர் இருக்கத்தான் செய்கின்றனர்.

மதுவடிமைகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சங்கம் என்று உலகெங்கும் பரவியுள்ள அமைப்பின் பிறந்த நாளும் இதற்குச் சான்று. 1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குச் சந்தைக்காரர், பொப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரைச் சந்தித்தார். வைத்தியர் குடியை விட்டார். இரண்டு மூன்று கிழமைக்குள் வைத்தியர் மாநாடொன்றுக்குச் சென்ற இடத்தில் நிதானம் இழக்கும் அளவுக்குக் குடித்து, நினைவற்றுத் திரும்பி வந்தார். வில்சன் அவரை விட்டுப் போகவில்லை. அறுவைக்குப் போகுமுன் கைநடுக்கம் தீர ஒரு பியர் மட்டும் கொடுத்து அனுப்பிய ஜூன் 10ஆம் திகதியே வைத்தியரின் கடைசி மதுவின் நாள். அச்சங்கம் தன் ஸ்தாபக தினமாகக் கொண்டாடுவதும் அதையே. இருவர் சந்தித்த நாளையோ, முதலில் விட்ட நாளையோ கொள்ளாமல், விழுந்து எழுந்த நாளைக் கொண்டதில் ஆழ்ந்த விவேகம் உண்டு.

கைநடுக்கத்தைப் பற்றிச் சொன்னேன்; அதை விரித்துச் சொல்லாமல் விடுவது பாவம். பல ஆண்டு இடைவிடாது குடித்த உடல், திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுங்கி வியர்க்கும். முதல் இரண்டு நாளில் சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையில் சிலர், இல்லாத பூச்சிகளைப் பாயில் தட்டுவர், இறந்தவரோடு பேசுவர், இரவு பகல் மயங்குவர். இது உயிருக்கே ஆபத்தான நோய்நிலை. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் இப்படி நேருமாயின், அதைப் பேய் என்றும் சூனியம் என்றும் அம்மன் சோதனை என்றும் கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மட்டக்களப்பார் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பர் என்று யாழ்ப்பாணத்தார் வேடிக்கையாகச் சொல்வர். உண்மையில் அந்த மூன்று இரவும் பாயோடு கிடக்க வேண்டியவனை வைத்தியசாலைக் கட்டிலுக்குக் கொண்டுபோவதே விவேகம். நடுக்கத்தை அடக்கும் மருந்தும், தையமின் என்னும் பி1 விற்றமினும் அங்கே கிடைக்கின்றன. தையமின் குறைந்த மூளை நிரந்தரமாய் ஞாபகத்தை இழக்கக்கூடும். ஆழிப்பேரலைக் காலத்தில் மட்டக்களப்பில் உளமருத்துவராய் இருந்த மகேசன் கணேசன் போன்றோர், உளநலச் சேவை ஒரு கட்டடத்துக்குள் அடைந்து கிடவாமல் சமுதாயத்துக்குள் செல்லவேண்டுமென்று முயன்றதால், இம்மாவட்டம் அத்துறையில் நாட்டின் பல மாவட்டங்களுக்கு முந்தியே நடந்தது. ஆனால் மூன்று இரவைக் கடத்துவது வைத்தியத்தின் வேலை. அதற்கப்பாலுள்ள மூன்று மாதம் வேறு சங்கதி.

அம்மூன்று மாதத்துக்கு நம் அரசுகள் எப்போதும் கண்ட உபாயம், ஆளைத் தூரத்துக்கு அனுப்புவது. அவமானம் எனக் கருதிய நோயை நீருக்கு அப்பால் வைப்பது இங்கே பழைய வழக்கம். பிரித்தானியர் தொழுநோயாளரை வாவியின் நடுவே மாந்தீவில் வைத்தனர். இன்றைய மாந்தீவு, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வீதியில் மாவட்ட எல்லை கடந்ததும் வரும் வெலிக்கந்தைக்கு அப்பால் இருக்கிறது: கந்தக்காடு. போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளைத் தடுத்துப் புனர்வாழ்வளித்த அதே நிர்வாகம், அதே வளாகங்களில், போதைவஸ்துக்கு அடிமையானவரையும் வைத்திருக்கிறது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலகம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினர். அதற்குச் சில மாதத்தின் பின், புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்போடு முரண்படுவதாக உயர் நீதிமன்றம் காட்டியதால், அது திருத்தங்களோடு 2023 ஜனவரியில் நிறைவேறியது. தடுப்பு முகாமில் மனிதன் போதையின்றி இருப்பான் என்பதில் ஐயமில்லை. எங்கே அவன் மறுபடி விழுவான் என்பதே கேள்வி.

இதற்கு விடை வியட்நாமிலிருந்து வந்தது. அங்கே போரிட்ட அமெரிக்கப் படையினர் பலர் ஹெரோயினுக்கு அடிமையாயினர் என்ற செய்தியால் அந்நாடு கலங்கியபோது, லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் 1971இல் திரும்பிய வீரர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே ஐவரில் ஒருவர் அடிமைப்பட்டிருந்தும், ஊர் திரும்பிய முதலாண்டில் அவ்வடிமைகளுள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே மீண்டும் அடிமையாயினர். அமெரிக்காவுக்குள்ளேயே லெக்சிங்டன் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று வெளியேறியோரில் பெரும்பாலோர் விழுந்தனர். பொருளும் ஒன்று, உடலும் ஒன்று. வீரர்கள் அடிமையான இடத்தைக் கடலுக்கப்பால் விட்டு வந்தார்கள், லெக்சிங்டன்காரர் அடிமையான தெருவுக்கே திரும்பினார்கள். கந்தக்காட்டிலிருந்து வாழைச்சேனைக்கோ காத்தான்குடிக்கோ வரும் இளைஞன் இரண்டாவது வகையினன். அது மட்டுமன்று: பல மாதம் ஹெரோயின் தொடாத உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்; விடுதலையான கிழமையில் பழைய அளவைப் போட்டு இறப்பவர் உலகெங்கும் உளர். ‘ஐஸ்’ என்று பேசப்படும் மெதம்பெட்டமினுக்கோ, மதுவுக்கு இருப்பதுபோல் அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்னும் அமையவில்லை. இளைஞரைப் பற்றிய இந்தத் தனித் துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது; நான் வாவித் தொழிலாளியிடம் திரும்புகிறேன், ஏனெனில் அவன் தன் தெருவை விட்டுப் போகவே இயலாதவன்.

தெருவை மாற்ற முடியாவிட்டால் தெருவுக்குள் எதை மாற்றலாம்? இங்கே மட்டக்களப்புக் குடும்ப அமைப்பு ஒரு விசேஷ வாய்ப்பைத் தருகிறது. முக்குவர் சட்டம் என்று 1876இல் கிறிஸ்தோபர் பிரித்தோ தொகுத்து வெளியிட்ட பழைய தாய்வழி உரிமை முறை சட்டமாக இன்று நிலவாவிட்டாலும், வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வளவுக்கே குடிபுகுவதும் வழமையாகவே நீடிக்கின்றன. அக்கரைப்பற்றை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டிலோ குடிகாரனின் மனைவி அடிபட்டுப் பிள்ளைகளோடு தாய்வீடு செல்கிறாள். இங்கே கூரை அவளுடையது. அடுத்த வளவில் அவள் தாய், தமக்கை, தங்கை. குடித்துவிட்டு வெறியாட்டம் ஆடுபவனே பையோடு தன் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். இது பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பு என்பதில் மறுபேச்சில்லை. அடி விழும் வீட்டில் அவள் அதைப் பயன்படுத்த வேண்டும்; 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும், மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவற்றின் துணையும் அவளுக்கு உண்டு. மீள்பவனின் விஷயத்திலோ இதே அமைப்பு இரு முனையாக வேலை செய்கிறது. அவன் விழுந்த மறுநாள் திரும்புவது தன் வீட்டுக்கன்று, மாமியார் வளவுக்கு. அந்த மாமியார் படலையில் நின்று, “வாங்க மனே, கை கழுவிட்டுச் சோறு தின்னுங்க, மறுகாப் பேசுவம்” என்று சொன்னால் வீழ்ச்சி ஒரு நாளோடு நிற்கக்கூடும். தாழ் போட்டால் அவன் போகும் இடம் எதுவென்று சொல்லவேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பொறுமை, பத்தாவது தடவை விழுந்தவனிடம் வரவேண்டுமென்று எந்தப் பெண்ணையும் வற்புறுத்த நமக்கு அதிகாரம் இல்லை என்பதையும் உடனே சேர்த்துக்கொள்கிறேன்.

பணத்தின் ஓட்டத்தையும் பெண்ணே மாற்றக்கூடும். வாடிக்காரர் இறால் காசை ஆணின் மடியில் இடாமல், கிழமைக்கொருமுறை மனைவியின் கையில் கணக்கோடு கொடுக்க உடன்பட்டால், முன்சொன்ன இருநூறு யார் தூரம் வெறும் தூரமாகவே ஆகிவிடும். இதற்கு வாடிக்காரரின் சம்மதமும், மீள்பவன் தானே அதைக் கேட்கும் பணிவும் வேண்டும்; ‘பொண்டாட்டி கையால காசு வாங்கிறவன்’ என்ற ஏச்சை அவன் தாங்கவேண்டும். தென்னிலங்கைச் சிங்களக் கிராமமொன்றில் கசிப்புப் பழக்கத்தையும், வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்களின் கணவர் குடிப்பதையும் ஆராய்ந்த மிஷேல் கம்பர்ட், பணத்தை ஈட்டும் இடத்தை இழந்த ஆணின் மானமே அவனைக் கூட்டாளிகளின் வட்டத்துக்குத் தள்ளுவதைக் காட்டியிருக்கிறார். ஆகவே காசைப் பறிப்பதும், அவனே கேட்டு ஒப்படைப்பதும் ஒன்றல்ல. இதே காரணத்தால்தான் கணவன் அறியாமல் சோற்றில் கலக்கும் மருந்துகளை நான் கண்டிக்கிறேன். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் வருகிறது. 1948இல் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்போர் மதுவுக்கெதிரான மருந்தாய் வெளிப்படுத்திய டைசல்பிராம், அறிந்து உட்கொள்பவனுக்கு வேலியாகும். அறியாதவன் அதன்மேல் குடித்தால் நெஞ்சுத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாகி உயிரே போகலாம். அறிந்து, ஒருவர் பார்த்திருக்க, தினமும் விழுங்கும்போதுதான் அது பயன் தருகிறது.

ஊரே சேர்ந்து செய்த முயற்சிக்கு நம் மொழி வழங்கும் நாட்டிலேயே உதாரணம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்த பின், 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நகரத்து ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத கூலிக்காரர்க்காக, அந்நிறுவனம் 1989 முதல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. நோயாளியை வேறூருக்குக் கொண்டுபோகாமல், சிகிச்சையே கிராமத்துக்கு வந்து இரண்டு கிழமை தங்கியது. குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவரும் வேலை கொடுப்போரும் அதில் பங்குகொண்டனர். முகாம் கலைந்தபின்னும் தொடர்ந்து வந்து பார்த்தனர். விழுந்தவன் ஊருக்குள்ளேயே இருப்பதால் அவன் விழுந்த செய்தி அன்றே தெரிந்தது. தெரிந்தவரே போய் அழைத்துவர முடிந்தது. கந்தக்காட்டையும் மஞ்சக்குடியையும் பக்கத்தில் வைத்தால், எனது அபிப்பிராயம் எங்கே நிற்கிறது என்பதை வாசகர் ஊகித்திருப்பர். கோயில் வண்ணக்கரும் போடியாரும் மீனவர் சங்கமும் இன்னும் செல்வாக்கோடு இருக்கும் படுவான்கரையில், மஞ்சக்குடி முறை நடவாது என்பதற்கு யாதொரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு காலம்? ஹார்வட் பட்டதாரிகளையும் பொஸ்டன் நகரத்து ஏழை வாலிபர்களையும் பல தசாப்தம் தொடர்ந்து ஆராய்ந்த ஜோர்ஜ் வைலன்ட், மதுவை விட்டு ஐந்து ஆண்டு நிறைந்தவர் மீண்டும் விழுவது அரிது என்றும், மீண்டோர்க்குத் துணை நின்றவை குடியின் இடத்தை நிரப்பிய வேறொரு ஈடுபாடு, புதிய உறவு, தொடர்ந்து கண்காணித்த ஏதோ ஒரு கட்டுப்பாடு, ஒரு நம்பிக்கை ஆகியவை என்றும் கண்டார். 2000ஆம் ஆண்டில் மக்லெலன் முதலியோர், சிகிச்சை பெற்ற ஓராண்டுக்குள் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் மறுபடி விழுவது, இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர் மருந்தை விட்டு மீண்டும் நோய்ப்படும் அளவுக்கு ஒப்பானது என்று எழுதினர். இரத்த அழுத்தக்காரன் உப்பைத் தின்று மயங்கி விழுந்தால் அவனை ஏசுகிறோமே தவிர, கிளினிக்கிலிருந்து பெயரை வெட்டுவதில்லை.

கிளினிக்கே இறுதியில் தடையாக நிற்கிறது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிலாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகை ஊரார் ‘பாதை’ என்பர். படுவான்கரைக் கிராமத்தவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை இரவு விழுந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் குறித்த கிளினிக் நாள் இன்னும் இரண்டு கிழமையின் பின். முந்தியே போவதாயின், நடுங்கும் கையோடு காலையில் பாதையில் ஏறி, ஆசிரியரும் மாணவரும் மீன்காரரும் தன்னைப் பார்த்திருக்க அக்கரை சென்று, பஸ் பிடித்து, வைத்தியசாலை வரிசையில் நிற்க வேண்டும். ஒருநாட் கூலியும் போகும். போகமாட்டான். மூன்றாம் நாள் அவன் முழுக் குடிகாரன் ஆகிவிடுவான். அவனைத் தேடி உளநலப் பிரிவின் தாதியரோ சமூக சேவை உத்தியோகத்தரோ, ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்து தொலைபேசிச் செய்தி கிடைத்த அன்றே பாதையேறி இக்கரைக்கு வருவதற்கு வேண்டியது புதிய கட்டடமும் அன்று, புதிய சட்டமும் அன்று. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் இரண்டு மூன்று உத்தியோகத்தர், அவர்களுக்குப் பயணப்படி, முதற் பாதை புறப்படும் நேரத்தோடு ஒத்துப்போகும் கடமை நேரம், இவையே.